கசப்பு எப்படி வேலை செய்கிறது?

சுண்டைக்காயைக் காம்பு நீக்கி, லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊறவைப்பார்கள். மறுநாள் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடியும் அதே மோரில் போடுவார்கள். மோர் முழுவதும் உறிஞ்சப்படும்வரை இப்படியே நடக்கும். கடைசியில் கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் வரும். டப்பாவில் போட்டு மூடினால் ஓராண்டானாலும் கெடாது. காயில் இருந்த நீரும் பச்சை வாசனையும் போய்விட்டிருக்கும். தோலும் விதையும் உப்பும் கசப்பும் மட்டும் நிற்கும்.

முன்னோர் பட்ட துன்பம் நம் கைக்கு வந்துசேர்வதும் இந்த வற்றல் வடிவத்தில்தான். அரசாணை, கூலிப் பட்டியல், இறப்புக் கணக்கு, அதிகாரிகளின் கடிதம், இவற்றிலிருந்து சுருக்கப்பட்ட பாடநூல் பத்தி ஒன்று. நாள்பட இருக்க வேண்டுமானால் உலர்த்தித்தான் ஆகவேண்டும். ஆவணக் காப்பகங்கள் அந்த வேலையைச் செய்திருக்காவிட்டால் இன்று நமக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. ஆனால் வற்றலை அப்படியே கையில் கொடுத்து மென்று தின்னச் சொன்னால் எந்தப் பிள்ளையும் துப்பிவிடும். அதை எண்ணெயிலும் புளியிலும் போட்டுக் குழம்பாக்குகிறவர் நாவலாசிரியர். அந்த அடுப்பில் என்ன நடக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகள் அதை ஏன் சாப்பிட வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் வற்றலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பெரும் பஞ்சத்தை நம் ஊர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லின. அதில் இறந்தவர்கள் 55 லட்சம் என்பது ஒரு மதிப்பீடு, 80 லட்சத்துக்கும் மேல் என்பது இன்னொரு மதிப்பீடு. இரண்டு மதிப்பீடுகளுக்கும் உள்ள வித்தியாசமே 25 லட்சம் உயிர்களுக்கும் மேல். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் வெட்டும் ஆணுக்கு சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்பது அவர் கணக்கு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று கடுமையாக எதிர்த்து வாதாடினார். சென்னையில் இன்று பறக்கும் ரயில் தூண்களுக்கடியில் கறுத்து ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்ச காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

இவ்வளவையும் ஒரு மாணவி தேர்வுக்குப் படித்துவிட முடியும். முழு மதிப்பெண் வாங்கிவிட்டு அடுத்த மாதமே மறந்துவிடவும் முடியும். அவளிடம் சமையலறைத் தராசைக் கொடுத்து 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் அது நிறைவாகவே தெரியும். சுமார் 1,600 கலோரி. ஒரே ஒருவர், அதுவும் உட்கார்ந்த இடத்தில் இருப்பவர் என்றால் ஒருவேளை சமாளிக்கலாம். வெயிலில் மண் சுமப்பவர் என்றால்? அவருக்கு வேலைக்கு வர முடியாத தாய் ஒருத்தி குடிசையில் இருந்தால்? கைக்குழந்தை இருந்தால்? அந்த அரிசியை யார் பங்கு போடுவது, யாருக்குக் குறைத்துப் போடுவது? இந்தக் கேள்வி எழுந்தவுடன் 450 என்ற எண் ஒரு குடும்பத்தின் முடிவாக மாறுகிறது. அந்த முடிவை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை. நாவலுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

சில துன்பங்களுக்கு வற்றல்கூடப் போடப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43இல், ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளில் சுமார் 7,000 பேருக்கு அந்தப் பாதையோரமுள்ள காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களில் பலர் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், உயிர் தப்பியவர்கள் நூல்கள் வெளியிட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உட்பட, ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அவர்களுக்கு அப்படிக் கல்லறை வரிசை இல்லை, நாட்குறிப்பும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல் இல்லையென்றால், அந்தத் தண்டவாளத்தின் தமிழ்ப் பக்கத்தை ஒரு பதின்வயதுப் பிள்ளை எந்த வழியாக அறிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அடுப்பு. நல்லெண்ணெய் காய்ந்ததும் வற்றலைப் போட்டால் சில நொடிகளில் உப்பி, நிறம் மாறி, வீடு முழுக்க மணக்கும். பழைய பச்சைக் காய் திரும்பி வந்துவிடாது. ஆனால் உள்ளே அடங்கிக் கிடந்த ஒன்று வெளியே வரும். நாவலில் இந்தச் சூட்டைக் கொடுப்பது எது? கதை மாந்தர்களுக்கு முடிவு தெரியாது என்பதுதான். வரலாற்றைப் படிக்கும் நமக்கு ஆண்டும் விளைவும் முன்பே தெரியும். அதனால் அந்த மனிதர்கள் எல்லோரும் நேராகப் படுகுழியை நோக்கி நடந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். நாவலுக்குள் அவர்கள் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல், கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், நம்புகிறார்கள்.

இதற்கு நான் முதலில் காட்ட விரும்பும் புத்தகம் ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, அங்கே தொழிற்சங்கம் கட்டுவதிலும் முன்னின்ற பி.எச். டேனியல் எழுதியது. 1969இல் ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்த நாவலை இரா. முருகவேள் தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்துக்கு அடிப்படையாக இருந்தது இதுதான் என்று சொன்னால் பலருக்கு நினைவுக்கு வரும். கதை 1920களில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமம் ஒன்றில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி. வேலையும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை. அப்போது ஒரு மேஸ்திரி வருகிறார். மலைமேல் தோட்டம் இருக்கிறது, வீடு தருவார்கள், அரிசி கிடைக்கும், மிச்சம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்கிறார். கையில் முன்பணத்தையும் வைக்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும் பிள்ளைக்கு வாசகராகச் சங்கடம் வர வேண்டும். போகாதீர்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கருப்பனின் இடத்தில் நின்று பார்த்தால் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காது. முட்டாள்கள் ஏமாந்தார்கள் என்று பாடநூலை மூடிவிட்டுச் சொல்லிவிடலாம். நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போது அப்படிச் சொல்ல வாய் வராது. ஒரு பதினைந்து வயது மனத்தில் இந்த ஒரு மாற்றம் நடந்துவிட்டாலே புத்தகம் தன் வேலையில் பாதியைச் செய்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதி புளித்தண்ணீரில் இருக்கிறது. வத்தக்குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும், இதில் அவசரம் உதவாது. கடுகும் வெந்தயமும் தாளித்து, பொடியை வறுத்து, புளிக்கரைசலை ஊற்றிய பிறகு தீயைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். நீர் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து மிதந்தால்தான் குழம்பு. நாவலில் அப்படிப் பிரிந்து மேலே வர வேண்டியது, துன்பத்தை உண்டாக்கிய ஏற்பாடு. பசி, குளிர், அட்டைக்கடி, மலேரியாக் காய்ச்சல், மேஸ்திரியின் பிரம்பு எல்லாம் முதலில் கலந்தே கொதிக்கின்றன. பக்கங்கள் நகர நகர, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது தெரியவருகிறது.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் மையம். முன்பணம் என்று ஊரில் கொடுத்தது பரிசு இல்லை, கடன். மலைக்கு வரும் வழிச்செலவும் கடனில் சேரும். போர்த்திக்கொள்ளத் தரும் கம்பளியும், வாரந்தோறும் அளந்து போடும் அரிசியும் கடனில் சேரும். நாள் கூலி பேரேட்டில் ஒரு பக்கம் ஏறும்போது கடன் இன்னொரு பக்கம் அதைவிட வேகமாக ஏறும். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை, அரிசி மட்டும் கணக்கில் ஏறும். மேஸ்திரிக்கோ தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தரகு. ஆகவே நோயாளியையும் எழுப்பி விரட்டுவது அவருக்கு லாபம். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது கையில் வரவேண்டிய மிச்சம் இருக்காது, கட்டவேண்டிய பாக்கி இருக்கும். பாக்கி இருக்கும்வரை மலையிறங்க முடியாது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரியதாகவே ஆக்கி வைத்திருந்தது. 1920களின் நடுப்பகுதியில்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் போன பிறகும் கடன் போகவில்லை.

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, ‘ஏன் அவர்கள் ஓடிப்போகவில்லை?’ என்பது. மிக நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரிப் பதிலைச் சொல்லி அடக்கிவிடக் கூடாது. சில நூறு பக்கங்கள் அந்த மலையில் குளிரில் இருந்து, வழியெங்கும் காவல் இருப்பதைப் பார்த்து, திரும்பிப் போனாலும் ஊரில் காத்திருப்பது அதே பட்டினியும் அதே சாதியும்தான் என்று உணர்ந்த பிறகு, பதிலை அந்தப் பிள்ளையே கண்டுகொள்ளும். இரண்டு மணி நேரப் படம் கண்ணீரை வரவழைத்துவிடும். கணக்கைப் புரியவைக்க ஒரு வாரமாவது அந்தப் புத்தகத்தோடு வாழ வேண்டியிருக்கிறது.

புரிந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைக் காட்டிப் பாருங்கள். குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம், வீடு, வார விடுமுறை என்று பிரிவு பிரிவாகப் போகும் அந்தச் சட்டத்தை வேறு நேரத்தில் யாரும் விரும்பிப் படிக்கமாட்டார்கள். நாவலைப் படித்துவிட்டு வந்தவருக்கு ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் செத்துப்போயிருப்பது தெரியும். துன்பம் என்பது தலைவிதி என்று கேட்டுக் கேட்டு வளரும் நாட்டில், அது மனிதர்கள் செய்த ஏற்பாடு, மனிதர்களால் மாற்றவும் பட்டது என்று உணர்வதைவிடப் பெரிய கல்வி அந்த வயதுக்கு வேறில்லை என்று நம்புகிறேன்.

குழம்பு இறக்கும்போது ஒரு சிறு துண்டு வெல்லம் போடுவோம். புளிப்பையும் கசப்பையும் அது ஒன்றாகக் கட்டும். கொஞ்சம் கூடிப்போனால் பாயசத்துக்கும் ஆகாது, குழம்புக்கும் ஆகாது. வரலாற்று நாவல்களில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. அடிபட்டவர்களை எல்லாம் களங்கமற்ற தெய்வங்களாகவும் அடித்தவர்களை எல்லாம் பிறவி அரக்கர்களாகவும் காட்டினால் படிக்க எளிதாக இருக்கும், அழுகையும் வரும். ஆனால் ஏற்பாடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். அரக்கன் செத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

பெரிய எழுத்தாளர்களிடமும் இந்தச் சிக்கல் வரும். 1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அதைப் பின்னணியாகக் கொண்டது. 1977இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாகக் காட்டியதன் மூலம், கூலிப் போராட்டத்தையும் சாதியையும் நாவல் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று அன்றே விமர்சகர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பது என் கருத்து. அதற்காக நாவலைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கச் சொல்லமாட்டேன். நாவலையும் விமர்சனத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கதை சொல்பவர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று நாக்கில் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, அரசியல் மேடையில் பரிமாறப்படும் வரலாற்றையும் அப்படியே விழுங்காது.

ஏன் குறிப்பாகப் பதின்வயது? ஐந்து வயதுக் குழந்தை சுண்டைக்காயை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளிக்கும். குழந்தைகளின் நாக்கு கசப்பைப் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறது. வளர வளரத்தான் கசப்புக்குப் பின்னால் வேறு சுவைகள் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். மனத்துக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. பத்து வயதில் கெட்டவன் தண்டிக்கப்பட்டால் கதை முடிந்துவிடும். பதினான்கு, பதினைந்தில்தான் நல்லவன் ஏன் பேசாமல் இருந்தான், நான் அங்கே இருந்திருந்தால் பேசியிருப்பேனா என்ற கேள்வி உள்ளே உறுத்தத் தொடங்கும். ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ அந்த உறுத்தலுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னையில் பணியில் இருக்கும் ஏய்டன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரிதான் நாவலின் மையம். மக்கள் பட்டினியில் சாகும்போது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி ஐஸ் ஹவுஸில், இன்றைய விவேகானந்தர் இல்லத்தில், இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே உழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் வேலையை நிறுத்துகிறார்கள். ஏய்டனுக்கு மனச்சாட்சி இருக்கிறது, சீருடையும் இருக்கிறது. நல்லெண்ணம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று அவனோடு சேர்ந்து பார்ப்பது, உலகத்தையே திருத்திவிடலாம் என்று தோன்றும் வயதில் வலிக்கும். வலித்தால் நல்லது.

நாவல் படித்தால் பிள்ளைகள் இரக்கமுள்ளவர்களாகிவிடுவார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இலக்கியப் புனைவில் ஒரு பகுதியைப் படித்தவர்கள் பிறர் மனநிலையை உணர்வதில் உடனடியாகச் சற்று மேம்பட்டதாகச் சொன்னது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு கரண்டி குழம்பு யாருடைய உடம்பையும் மாற்றிவிடாது. பல ஆண்டுகள் பல கைகளின் சமையலைச் சாப்பிட்டு வளர்வது வேறு விஷயம்.

நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா என்று வீட்டில் ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது, நன்றியோடு இரு என்ற கட்டளை இருக்கிறது. நாவல் யாரையும் சுட்டிக் கண்டிப்பதில்லை. அதனாலேயே அதைப் படித்த பிள்ளை தானாகவே எழுந்து பாட்டியிடம் போய்க் கேட்கும். வத்தக்குழம்பு மறுநாள்தான் ஊறி நன்றாக இருக்கும் என்பார்களே, புத்தகத்தின் மறுநாள் இதுதான். 1960களில் ரேஷனில் வந்த அமெரிக்க மைலோ சோளத்தைக் கஞ்சி காய்ச்சியது, அரிசிக்கு வரிசையில் நின்றது, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் அவ்வளவு பெரிதாக ஒலித்தது ஏன் என்பது, இவையெல்லாம் கேட்பார் இல்லாமல் பல வீடுகளில் கிடக்கின்றன. கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தால் பாட்டியும் உபதேசத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்வார்.

வீட்டில் புத்தகம் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வத்தக்குழம்பை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை, சோறு வேண்டும், சுட்ட அப்பளம் வேண்டும். துயர நாவல்களை அடுக்காகத் திணிக்காதீர்கள். இடையே அவர்களுக்குப் பிடித்த துப்பறியும் கதையோ, ‘பொன்னியின் செல்வ’னோ இருக்கட்டும். பதின்மூன்று வயதில் தொடங்குபவருக்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ கதை நீளத்தில் பொருந்தினாலும், அதிலும் ‘எரியும் பனிக்காட்’டிலும் பெண்கள் மீதான அத்துமீறல்கள் வருகின்றன. ஆகவே பதினைந்துக்குப் பிறகு, வீட்டில் பேச ஒருவர் இருக்கும்போது கொடுப்பது நல்லது. ‘வெள்ளை யானை’ பதினாறில் பிடிபடும். ‘குருதிப்புனல்’ பதினேழு, பதினெட்டுக்கு. நீங்களும் அதே வாரத்தில் அதே புத்தகத்தைப் படியுங்கள். நடுவில் மூடி வைத்துவிட்டால் விட்டுவிடுங்கள், கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினராக ஆகும் செலவு மிகக் குறைவு, பிள்ளையின் பெயரிலேயே அட்டை எடுத்துவிடுங்கள்.